மூடு! ஆனால் பூட்டாதே!

கதவு எதற்கு? திருடன் வராமல் தடுக்க. ஆடு மாடு நுழையாமல் தடுக்க. இப்படித்தான் நாம் நினைக்கிறோம். நெருப்பைத் தடுக்கவும் ஒரு கதவு உண்டு. அதற்குத் "தீத்தடுப்புக் கதவு" என்று பெயர்.

மதுரை மக்களுக்கு நெருப்பின் கொடுமையைச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. 2018-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி இரவு, மீனாட்சி அம்மன் கோவில் வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகள் தீப்பற்றி எரிந்தன. கல் மண்டபம்தான். ஆனாலும் மேல்தளம் இடிந்து விழுந்தது! 2020 தீபாவளி சமயத்தில், நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக் கடை எரிந்தது. தீயை அணைக்கப் போன வீரர்கள் 2 பேர், கட்டடம் இடிந்து பலியானார்கள்.

கல்லும் செங்கல்லும் படுகிற பாடு இது. அப்படியானால் ஒரு கதவு என்ன செய்யும்?

நெருப்பை அது அணைக்காது. நமக்கு நேரம் வாங்கித் தரும். அரை மணி தாங்கும் கதவு உண்டு. ஒரு மணி, இரண்டு மணி தாங்கும் கதவும் உண்டு. குழந்தைகளையும் முதியவர்களையும் கீழே இறக்க அந்த நேரம் போதும்.

புகைதான் எமன்

தீ விபத்தில் பலர் சாவது நெருப்பினால் அல்ல, புகையினால்தான். மாடிப்படி இருக்கிறதே, அது நாம் ஏறி இறங்கும் வழி மட்டும் அல்ல. தீப்பிடித்தால் அதுவே அடுப்பங்கரைப் புகைபோக்கி ஆகிவிடும். கீழே எரிந்தால், மேலே இருப்பவர்கள் மூச்சு முட்டுவார்கள்.

டெல்லியில் 1997-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி இதுதான் நடந்தது. "உபகார்" சினிமா தியேட்டரின் கீழ்த்தளத்தில் டிரான்ஸ்பார்மர் எரிந்தது. புகை படி வழியாக ஏறி, பால்கனிக்குள் புகுந்தது. வெளியே போகும் கதவு தாழிடப்பட்டிருந்தது. 59 பேர் மாண்டார்கள். புகை ஏறும் வழி திறந்து கிடந்தது. மனிதன் தப்பும் வழி அடைத்துக் கிடந்தது!

தீத்தடுப்புக் கதவு இதற்கு நேர்மாறானது. மாடிப்படியின் வாசலில் அது நிற்கும். இரும்பினாலோ, தீயைத் தாங்கும்படி செய்த கனத்த மரத்தினாலோ ஆனது. மேலே ஒரு கை போன்ற கருவி இருக்கும். நாம் தள்ளிக்கொண்டு போனதும் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். ஓரத்தில் ஒரு பட்டை பதித்திருப்பார்கள். சூடு பட்டதும் அது பூரி போல உப்பும்! உப்பி, கதவு இடுக்கை அடைத்துவிடும். வீட்டுத் தேக்குக் கதவு எவ்வளவு விலை ஆனாலும் இந்த வேலையைச் செய்யாது.

செங்கல்லும் பூட்டும்

இவ்வளவு நல்ல கதவை நாம் என்ன செய்கிறோம்? ஆஸ்பத்திரியில், வண்டி தள்ள இடைஞ்சல் என்று செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கிறோம். ஜவுளிக் கடையில், சரக்கு திருட்டுப் போகும் என்று பூட்டி வைக்கிறோம். போதாதற்கு, அதன் முன்னால் துணி மூட்டையையும் அடுக்குகிறோம். இரண்டும் பெரிய தவறு.

முதலாளிகள் சொல்லும் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. வெளியே இருந்து திறக்க முடியாமல், உள்ளே இருந்து குறுக்குக் கம்பியை அழுத்தினால் மட்டும் திறக்கும் கதவு உண்டு. ஆஸ்பத்திரிக்குக் காந்தம் உண்டு. கதவைத் திறந்தபடியே பிடித்திருக்கும். அபாய மணி அடித்தால் விட்டுவிடும். பல லட்சம் செலவில் கண்ணாடியும் பளிங்கும் பதிப்பவர்களுக்கு இது ஒரு செலவா?

கல்யாண மண்டபங்களையும் சொல்ல வேண்டும். 2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில், முகூர்த்த நேரத்தில் கொட்டகை எரிந்தது. மாப்பிள்ளை உள்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மண்டபம் பார்க்கப் போகும்போது, சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை இலை போடலாம் என்று கேட்கிறோம். கார் நிறுத்த இடம் கேட்கிறோம். அவசர வழி எங்கே, அது திறக்குமா என்று கேட்பவர் யார்? தாய்மார்களே, நீங்கள் கேளுங்கள். தள்ளியும் பாருங்கள். திறக்கவில்லை என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தீப்பிடித்த கட்டடத்தில் மூடிய கதவு எதிர்ப்பட்டால், உடனே திறந்துவிடக் கூடாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அந்தப் பக்கம் நெருப்பு இருக்கிறது. வேறு வழியில் போங்கள். வேறு வழி இல்லை என்றால், கதவின் அடி இடுக்கில் ஈரத் துணியைத் திணித்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று குரல் கொடுங்கள். தீயணைப்பு நிலையத்தின் டெலிபோன் எண் 101.