வீட்டுக்குள் ஒரு பூதம்! ஏவினால் போதுமா? கட்ட வேண்டாமா?

நள்ளிரவு. மின்சாரம் போய்விடுகிறது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வருகிறது.

நீங்கள் நல்ல தூக்கத்தில் இருக்கிறீர்கள். ஆனால், உங்கள் வீட்டில் ஒரு பூதம் விழித்துக்கொள்கிறது!

இணையத் தொடர்பு தரும் ரவுட்டர் பெட்டிக்குள் அது இருக்கிறது. வாசலில் மாட்டிய காமிராவுக்குள்ளும் இருக்கிறது. யாரும் அதை எழுப்பவில்லை. மின்சாரம் வந்ததும் தானாகவே எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது.

என்ன பூதம் அது?

பயப்பட வேண்டாம். அது ஒரு புரோகிராம். அதாவது, கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்த கட்டளைகள். கண்ணுக்குத் தெரியாமல் ஓயாது உழைக்கும் இத்தகைய புரோகிராமுக்கு 'டீமன்' என்று பெயர். 1963-ம் ஆண்டு அமெரிக்காவில், எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் வைத்த பெயர் அது. மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி 19-ம் நூற்றாண்டில் கற்பனை செய்த குட்டிப் பூதத்தின் நினைவாக அப்படி அழைத்தார்கள்.

பூதத்துக்கு ஒரு கதவு

கம்ப்யூட்டருக்கு இணையத்தின் பக்கம் பல கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இணையப் பக்கங்களைத் தரும் பூதம் 80, 443 ஆகிய கதவுகளில் நிற்கும். மின்னஞ்சல் பூதம் 25-ல் நிற்கும். தூரத்தில் இருப்பவர் உள்ளே வந்து கட்டளையிட, 'டெல்நெட்' என்ற பழைய பூதம் 23-ல் நிற்கும்.

இவை தானாக எழுவது தவறா? தவறே இல்லை! மின்சாரம் வரும்போதெல்லாம் ஓர் ஆள் ஓடிப்போய் ஒவ்வொன்றாக எழுப்ப முடியுமா? ரெயில் டிக்கெட் முதல் பாங்குக் கணக்கு வரை இந்தப் பூதங்களை நம்பித்தான் நடக்கிறது.

தானாக எழுவது நல்லது. ஆனால், எழுந்ததையே வீட்டுக்காரர் மறந்துவிட்டால்? அங்கேதான் ஆபத்து!

1988-ல் நடந்தது

1988 நவம்பர் 2-ந் தேதி. ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒரு புரோகிராமை இணையத்தில் விட்டார். அது புழுவைப் போல ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியது.

எந்த வழியாக நுழைந்தது தெரியுமா? பூதங்கள் நின்ற கதவுகள் வழியாகத்தான்!

"இந்த மெஷினில் யார் வேலை செய்கிறார்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பூதம் இருந்தது. அது கேள்வியின் நீளத்தை அளந்து பார்ப்பதில்லை. புழு, அளவு மீறிய கேள்வியைத் திணித்து உள்ளே புகுந்தது. மின்னஞ்சல் பூதத்திலோ, சோதனைக்காக வைத்த ஒரு வழி பல இடங்களில் மூடப்படாமலே கிடந்தது.

சுமார் 6 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அன்றைய இணையத்தில் இருந்தவை மொத்தமே 60 ஆயிரம்தான்!

காமிரா செய்த சண்டை

இது படித்தவர்கள் கூடத்தில் நடந்த கதை. அடுத்தது, வீடுகளுக்குள்ளேயே நடந்தது.

2016-ல் 'மிராய்' என்ற புரோகிராம் கிளம்பியது. வீட்டுக் காமிராக்களையும் ரவுட்டர்களையும் தேடித்தேடிக் கதவைத் தட்டியது. டெல்நெட் பூதம், "பெயர் என்ன? கடவுச்சொல் என்ன?" என்று கேட்டது. மிராயிடம் சுமார் 60 ஜோடிப் பெயர்களும் சொற்களும் இருந்தன. 'அட்மின்' என்ற பெயருக்கு 'அட்மின்' என்பதே கடவுச்சொல்! கம்பெனி வைத்து அனுப்பிய சொல்லை யாரும் மாற்றவில்லை. கதவு திறந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, இப்படிப் பிடிபட்ட பெட்டிகள் ஏராளமாக ஒன்றுசேர்ந்து, இணைய முகவரிகளைக் காட்டித்தரும் 'டைன்' என்ற கம்பெனியைத் தாக்கின. ட்விட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் பலருக்குப் பல மணி நேரம் கிடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை! காமிராவை அணைத்துப் போட்டால் மிராய் மறைந்துவிடும். ஆனால், பழைய கடவுச்சொல்லோடு டெல்நெட் பூதமும் தானாக எழுந்து நிற்கும். சில நிமிஷங்களில் மிராய் மறுபடியும் உள்ளே வந்துவிடும்!

"எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களிடம் திருட வராமல் இருக்கலாம். உங்கள் வீட்டுத் தடியை எடுத்து அடுத்த வீட்டுக்காரரை அடிக்க வருகிறார்கள்!

கட்டும் வித்தை

பூதத்தைக் கட்டத் தெரிந்தவர்கள் மூன்று காரியம் செய்கிறார்கள்.

ஒன்று: தேவையில்லாத பூதத்தை எழுப்புவதே இல்லை. 'ஓப்பன்-பி.எஸ்.டி.' என்ற இயங்குதளத்தில், பெரும்பாலான பூதங்களைத் தூங்க வைத்தே கொடுக்கிறார்கள். வேண்டியவர் எழுப்பிக்கொள்ளலாம்.

இரண்டு: சாவிக்கொத்தை அதன் கையில் விடுவதில்லை. யூனிக்ஸ் மெஷினில் சர்வ அதிகாரமும் உள்ளவருக்கு 'ரூட்' என்று பெயர். 1024-க்குக் கீழுள்ள கதவுகளைத் திறக்க ரூட் அதிகாரம் தேவை என்பது பழைய வழக்கம். ஆகவே, இணையப் பக்கப் பூதம் ரூட்டாக எழுகிறது; கதவைத் திறக்கிறது; உடனே அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண ஆளாக வேலை பார்க்கிறது. அதைப் பிடித்தவனுக்கும் சாவிக்கொத்து கிடைக்காது.

மூன்று: ஒரே அறைக்குள் வைக்கிறார்கள். மற்ற அறைகள் இருப்பதே அதன் கண்ணுக்குத் தெரியாது.

யார் பொறுப்பு?

எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் தலையில் போடுவது நியாயம் அல்ல. மிராய் பிடித்த சில காமிராக்களில், டெல்நெட் கடவுச்சொல்லை மாற்ற வாங்கியவருக்கு வழியே இல்லை! பூட்டை விற்பவன், ஊருக்கெல்லாம் ஒரே சாவியைக் கொடுக்கலாமா?

பிரிட்டன் இதற்குச் சட்டம் போட்டிருக்கிறது. எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை வைத்து விற்க, 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே தடை. எல்லா நாடுகளும் செய்ய வேண்டிய காரியம் இது.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். காமிரா மாட்ட வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

"கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களா?"

"வெளியிலிருந்து நுழையும் வழிகளில் எங்களுக்கு வேண்டாததை மூடிவிட்டீர்களா?"

"கம்பெனி திருத்தம் அனுப்பினால் இதற்கு வந்து சேருமா?"

கேட்பதற்குப் படிப்பு வேண்டாம். இரவில் வாசல் கதவைத் தாழ் போட்டாயிற்றா என்று பாட்டி கேட்கிறாரே, அந்தக் கவனம் போதும்.

பூதத்தை ஏவுவது சுலபம். கட்டத் தெரிந்த வீட்டில்தான் நிம்மதியான தூக்கம்!