சேற்றிற் பட்ட காயமும் ஆஸ்பத்திரி வாசமும்

சம்பா நடவுக்கு நாற்றுத் தயாராயிருந்த சமயம். ஓட்டுபவர் வராத ஒரு நாளில் பவர் டில்லரை நானே பிடித்தேன். வயலின் மூலையில் திருப்ப இடமின்றி இயந்திரத்தைப் பின்னோக்கிச் செலுத்தினேன். சுழலும் கத்திகளை நிறுத்திக்கொள்ளவில்லை. சேற்றிற் புதைந்த இடது காலை எடுப்பதற்குள் கத்தி புறங்காலிற் பாய்ந்தது. இரண்டு எலும்புகள் முறிந்தன. விரல்களை நிமிர்த்தும் தசைநார்கள் அறுந்தன. அதன் பயனாக 41 நாட்கள் ஜில்லாத் தலைநகரில் ஓர் ஆஸ்பத்திரியிற் படுத்திருந்தேன். பின்னோக்கிச் செல்லும்போது கத்தி தானே நின்றுவிடும் அமைப்பு என் இயந்திரத்திலும் இருந்ததுதான். அது ஒருமுறை பழுதானபோது, வேலை தடைப்படுகிறதென்று கழற்றிவிடச் சொன்னவன் நானே. ஆகையால் இதில் யாரையும் குறை கூற எனக்கு உரிமையில்லை.

இச்சொந்தக் கதை விவசாயப் பத்திரிகைக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். நெல்லுக்கு வரும் புகையானைப் பற்றியும் மாட்டுக்கு வரும் கோமாரியைப் பற்றியும் மாதந்தோறும் எழுதுகின்றோம். அந்நெல்லும் மாடும் எவன் காலை நம்பி இருக்கின்றனவோ, அவன் காலைப் பற்றி எழுதுவதில்லை. படுக்கையிற் கிடந்த நாட்களில் இது என் மனத்தை மிகவும் உறுத்தியது.

காயம்பட்டவுடன் அண்டை வயற்காரர் ஒருவர் மஞ்சட்பொடியும், மற்றொருவர் மண்ணெண்ணெயும் கொணர்ந்தனர். அன்பினாற் செய்ததே. என் மனைவி இரண்டையும் விலக்கி, மோட்டார்க் குழாயின் நல்ல தண்ணீரைக் கால் மணி நேரம் காயத்தின்மேல் ஊற்றி, துவைத்த வேட்டியைக் கிழித்து அழுத்திக் கட்டினாள். செய்தவற்றுள் இதுவே சிறந்தது என்று டாக்டர் பின்னர்ச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என் உறவினரைத் திகைக்க வைத்தது ஒன்று. டாக்டர்கள் காயத்தைக் கழுவினார்கள். செத்த தசையை வெட்டி எடுத்தார்கள். எலும்பைக் கம்பியால் நிறுத்தினார்கள். ஆனால் தையல் போடாமற் புண்ணைத் திறந்தபடியே கட்டிவிட்டார்கள். 'இதென்ன வைத்தியம்?' என்று என் மைத்துனர் வேறு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகவே துணிந்துவிட்டார். காரணம் கேட்டபோது டாக்டர் விளக்கினார். வயற்சேற்றில் சாணமும் எருவும் கலந்திருக்கின்றன. அவற்றில் வாழும் கிருமிகளிற் சில, காற்றுப் புகாத இடத்திலேயே பெருகுவன. அழுக்குக் காயத்தை அன்றே தைத்து மூடுவது, கிருமிக்குக் கதவடைத்துக் காவல் கொடுப்பது போலாகும். சில நாட்கள் கழுவிக் கழுவிப் பார்த்து, சுத்தமென்று கண்ட பின்னரே மூட வேண்டும். எனக்கு ஒன்பதாம் நாள் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். எரு நன்றாக மக்குவதற்கு முன் இடலாகாது என்பது நமக்குத் தெரியும். இதற்கும் அவ்வாறே பொறுமை வேண்டியிருக்கிறது.

ரண ஜன்னியின் கிருமியும் மண்ணிலும் சாணத்திலும் விதைபோல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடப்பதே. ஆழமாய்க் குத்திய சிறு காயமே இதற்கு மிக உகந்த இடம். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகத் தொடங்கும். தொடங்கிய பின் உயிருக்கே ஆபத்து நேரலாம். நம் பெண்டிருக்குக் கர்ப்ப காலத்தில் இதற்கான ஊசி போடப்படுகிறது. ஆனால் 1978-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் இந்நாட்டில் தொடங்குவதற்கு முன் பிறந்த ஆண்களிற் பலர் அதை முறையாகப் பெற்றதேயில்லை. அத்தகையோருக்குக் காயம்பட்டபின் போடும் ஒரே ஊசி அப்போதைக்குப் போதிய காவலாகாது. முன்னதாகவே மூன்று ஊசிகள் போட்டுக்கொண்டு, பின்னர்ப் பத்தாண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நானும் அம்முறைப்படி போட்டுக்கொண்டவனல்லன். ஆதலால் எனக்கு வேறொரு விலையுயர்ந்த மருந்தும் சேர்த்துச் செலுத்த நேர்ந்தது.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். 'புண் சீழ் வைக்கும்' என்று முட்டை, மீன், பருப்பு யாவற்றையும் என் வீட்டார் நிறுத்திவிட்டனர். தசை வளர வேண்டிய காலத்தில் அதற்குரிய உணவை நிறுத்தினால் எங்ஙனம் வளரும்? டாக்டர் சிரித்துக்கொண்டே தினம் இரண்டு முட்டை என்று எழுதி வைத்தார். என் அத்தை இன்றளவும் அதை ஒப்பவில்லை.

நிற்க. நான் எழுத வந்தது என் காலைப் பற்றி அன்று. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் காலைப் பற்றியாகும்.

அவர் ஐம்பது வயதுள்ள விவசாயக் கூலி. நாற்று முடி சுமக்கையில் உடைந்த நத்தை ஓடு உள்ளங்காலிற் குத்தியது. என் காயத்தோடு ஒப்பிட்டால் அது காயமேயன்று. வலியும் இல்லை. புகையிலைத் தூளைச் சுண்ணாம்பிற் குழைத்து அப்பிக்கொண்டு, கூலி போகுமே என்று தொடர்ந்து 12 நாட்கள் சேற்றில் இறங்கியிருக்கிறார். வலியில்லாததே அவருக்கு வந்த கேடு. அவருக்கு நீரிழிவு இருந்தது. அவருக்கே அது தெரியாது. அந்நோய் முற்றினாற் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ஆம் ஆண்டு முதற் பணியாற்றிய பால் பிராண்டு என்னும் டாக்டர், குஷ்டரோகிகளின் கால் அழிவது தசை தானே அழுகுவதாலன்று, வலி தெரியாமற் புண்ணின்மேலேயே நடப்பதால்தான் என்று காட்டினார். நீரிழிவுக்காரரின் உணர்ச்சியற்ற காலுக்கும் அவ்வுண்மை பொருந்தும். இவருக்கு முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒரு வாரத்திற்குப்பின் முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று. நான் காலோடு வீடு திரும்பினேன்.

இவர் எவருடைய வயலில் வேலை செய்தாரோ அவரை நான் அறிவேன். நல்லவர். எருது நொண்டினால் அன்று மாலைக்குள் கால்நடை டாக்டரை வரவழைப்பவர். நானும் அவ்விதமே. நம் முன்னோர் எருதின் குளம்பு தேயலாகாதென்று லாடம் அடித்தார்கள். உழுபவன் கால் தேய்வதை விதியென்று விட்டார்கள். நாமும் அவ்வழியிலேயே நிற்கின்றோம்.

இதற்கு மிராசுதார்கள் சொல்லும் ஆட்சேபம் எனக்குத் தெரியும். 'கூலி ஏறிய காலத்தில், ஆள் கிடைப்பதே அரிதான நாளில், இதுவும் நம் தலையிலா?' என்பார்கள். ஆள் அரிதென்பதே என் வாதத்துக்கும் ஆதாரம். வேலையிற் காயம்பட்டவனுக்கு வேலை கொடுத்தவர் ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை 1923-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டமாயிற்று. ஆனால் நான் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்த வரவில்லை. நடவுப் பருவத்தில் காலிற் குத்துப்பட்டவனை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அன்றைய கூலியையும் பின்வரும் இரண்டு மூன்று நாட்கூலியையும் கொடுத்துவிட்டால், அவன் காயத்தை மறைக்கமாட்டான். அவர் 12 நாட்கள் மறைத்தது அந்தக் கூலிக்காகவே.

சேற்றில் அனைவரும் பூட்ஸ் அணிய வேண்டுமென்று சிலர் எழுதுகின்றனர். அவர்கள் சேற்றில் நின்றறியாதவர் போலும். முழங்காலளவு உளையில் பூட்ஸ் நின்றுவிடும், கால் மாத்திரம் வெளிவரும். இயந்திரம் ஓட்டுபவருக்கும் புன்செயில் வேலை செய்பவருக்கும் அதைக் கட்டாயமாக்கலாம். நடவாட்களுக்குச் செய்யக்கூடியது, கரையேறியவுடன் காலைக் கழுவிப் பார்ப்பதேயாகும்.

கிராம நிர்வாக அலுவலர்களிடமும் ஊராட்சித் தலைவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். ஆனால் அவ்வேளையில் நம் கூலியாட்கள் வயலில் இருக்கின்றனர். நடவுக்கு முந்திய வாரத்தில் ஒரு விடியற்காலை, ஆட்கள் கூடும் இடத்திலேயே சர்க்கரைப் பரிசோதனையும் ரண ஜன்னி ஊசியும் நடக்கும்படி சுகாதார நிலையத்தாரோடு பேசி ஏற்பாடு செய்யலாகாதா? இதற்குப் புதிய உத்தரவு எதுவும் தேவையென்று நான் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வரும் நாளில் அந்தக் கூலியாளர் டாக்டரிடம் ஒன்றே கேட்டார்: மறுபடி வயலில் இறங்க முடியுமா? டாக்டர் அவருக்கு ஜெய்ப்பூர்க் காலைப் பற்றிச் சொன்னார். சேத்தி என்னும் டாக்டரும் ராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் 1960-களின் இறுதியில் ரப்பரைக் கொண்டு செய்தது அது. செருப்பின்றி நடக்கவும், குந்தி உட்காரவும், ஈரத்தில் இறங்கவும் ஏற்றது. 'இறங்கலாம், ஆனால் மற்றக் காலைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்றார். அவர் தலையசைத்தார். அவருக்குப் பார்வையும் சற்று மங்கல். அவர் மனைவி பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

என் இயந்திரத்தில் கழற்றிய அமைப்பைத் திரும்பப் பொருத்தியாயிற்று. வரும் குறுவைக்கு வரப்படியில் ஒரு குடம் நல்ல தண்ணீரும், சவுக்காரக் கட்டியும், வெளுத்த துணியும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.