கழிவுநீர் நிலையம் யார் வாசலில்?



நான் பத்தாவது வரை படித்த சாதாரண குடும்பத்தலைவி. கோவையில் இருக்கிறேன். பாதாள சாக்கடையைப் பற்றி மகளிர் பகுதியில் எழுத என்ன இருக்கிறது என்று சகோதரிகள் நினைக்கலாம். வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டால் குச்சியை எடுத்துக்கொண்டு போவது யார்? நாம்தானே! அதனால் எழுதுகிறேன்.

கோவைக்கு ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தில் மூன்று சுத்திகரிப்பு நிலையங்கள் போட்டார்கள். உக்கடத்தில் தினம் 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி, நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி. நஞ்சுண்டாபுரம்தான் பெரிய தகராறாகப் போனது. குடியிருப்புக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று மக்கள் போராடினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். வேலை வருஷக்கணக்கில் நின்று, பிறகுதான் நடந்தது.

அந்தத் தகராறு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. என் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்திருப்பது அந்தப் பக்கம். ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது, "எங்கேயாவது கட்டித்தானே ஆகணும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "உங்களுக்கென்னங்க அண்ணி, உங்க பக்கம் குழாய் போட்டாச்சுன்னா நீங்க தண்ணியை ஊத்திட்டுப் போயிருவீங்க. நாங்க மூக்கைப் பிடிச்சுட்டு உக்காரணுங்களா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்!

எனக்கு அன்று பதில் வரவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதாள சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்குத் தினம் 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசாங்கக் கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்புமாம். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் 540 லிட்டர். 15 லிட்டர் பக்கெட்டில் 36 பக்கெட்! பாத்திரம் கழுவியது, துணி துவைத்தது, குளித்தது, கக்கூஸ் எல்லாம் சேர்த்து தினம் 36 பக்கெட்டை யார் வாசலிலாவது ஊற்றத்தான் செய்கிறோம்.

எங்கள் தெருவில் செப்டிக் டேங்க்தான். போன தடவை நிறைந்து வழிந்தபோது லாரி வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, "இதை எங்கே தம்பி கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்தப் பள்ளமோ, எந்த வாய்க்காலோ! அங்கே இருக்கிறவர்களிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. நிலையம் என்றால் அதற்கு ஒரு விலாசம் இருக்கிறது, அதனால் எதிர்த்துப் போராடவாவது முடிகிறது. சுத்தம் செய்யாத தண்ணீரோ, வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யலில் கலந்து, திருப்பூர், கரூர் என்று காவிரி வரைக்கும் போகிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தரச் சொல்லி 2023இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அதற்காக என் நாத்தனாரைச் சுயநலக்காரி என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். மேட்டில் கட்டினால் மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும், கரண்ட் செலவு. அதனால் பெரும்பாலும் ஆற்றோரமாகப் பள்ளமான இடத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே மேட்டில் இடம் வாங்க வசதி இல்லாதவர்கள்தான் அதிகம் குடியிருப்பார்கள்.

நாற்றத்துக்கும் காரணம் உண்டு. கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை உயிரோடு இருக்க இரவு பகலாகக் காற்று ஊத வேண்டும். மீன் தொட்டியில் காற்று மெஷின் நின்றால் மீன் சாகிறதே, அப்படித்தான். காற்று நின்றால் அவை செத்து அழுகல் நாற்றம் கிளம்பிவிடும். அடியில் தங்கும் சேற்றையும் தவறாமல் எடுக்க வேண்டும். ஒழுங்காக நடந்தால் பக்கத்தில் குடியிருக்கலாம். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க மெஷினை நிறுத்தினால் இருக்கவே முடியாது. இடச் சண்டையில் பாதி, திறப்பு விழாவுக்கு அப்புறம் இதை யார் பார்ப்பார்கள் என்ற பயம்தான். அதற்குப் பதில் சொல்லாமல் போலீஸை நிறுத்தி வேலி போட்டால் பயம் போகுமா?

2022இல் கேரளாவில் கோழிக்கோட்டில் இதே மாதிரி நிலையங்களை எதிர்த்து நடந்த போராட்டத்திலும் பெண்கள் திரளாக வந்து நின்றார்கள். எங்கேயும் போராட்டத்துக்கு நாம் வேண்டும். பேச்சுவார்த்தை என்றால் மட்டும் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்! நாள் முழுக்க வீட்டில் இருந்து அந்தக் காற்றைச் சுவாசிப்பது யார்? நிலையம் வருகிற இடத்தில், பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேர் மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். மெஷின் ஓடிய நேரம், தண்ணீர்ப் பரிசோதனை இரண்டையும் வாசல் போர்டில் தமிழில் எழுத வேண்டும்.

போன மாதம் நாத்தனார் வந்தபோது இதைச் சொன்னேன். "போர்டு கிடக்கட்டுங்க அண்ணி. ராத்திரி ரெண்டு மணிக்கு நாத்தம் வந்தா யாருக்குப் போன் பண்றது? அந்த நம்பரை மட்டும் வாங்கிக் குடுங்க" என்றாள். விசாரித்துக்கொண்டு இருக்கிறேன். தங்கள் ஊரில் இப்படி நம்பர் வாங்கி வைத்திருக்கும் சகோதரிகள், அதை எப்படி வாங்கினார்கள் என்று இதே பகுதியில் எழுதினால் உதவியாக இருக்கும்.

— ஒரு வாசகி, கோவை.