பாரத்துக்குப் பிள்ளையை ஏற்றாதீர்கள்

சென்ற இதழில் புல்வெட்டும் மெசினின் பிளேட்டைத் தீட்டுவது பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். இம்முறை அதைவிடப் பெரிய மெசின் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் சின்ன ரக்டர்.

எழுத வைத்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரான்பேணுக்கு அப்பால் நாலு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு ஏக்கர் காணியை வாடகைக்கு எடுத்து வெண்டி, கத்தரி, மிளகாய், பயிற்றை போடுகிறார்கள். பழைய சின்ன ரக்டர் ஒன்றும் வாங்கினார்கள். ஒரு சனிக்கிழமை என்னையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். அது மணல் தறை. கலப்பையை இறக்கியதும் பின் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டத் தொடங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த அண்ணை திரும்பிப் பார்த்து, ஒன்பது வயது மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஓடிவந்து மட்காட்டிலை ஏறி இரு. பாரம் காணாது."

பிள்ளையும் சந்தோசமாக ஓடி வந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணை, பிள்ளையை ஏத்தாதேங்கோ. பாரத்துக்கு நான் வேறை வழி சொல்லுறன்."

"என்ன தம்பி, நீரும் வெள்ளைக்காரர் மாதிரிக் கதைக்கிறீர்? ஊரிலை நாங்கள் எல்லாரும் மட்காட்டிலை இருந்துதானே வளர்ந்தனாங்கள்?"

அவர் சொன்னது உண்மை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அதனால்தான் மறித்தேன்.

2003ஆம் ஆண்டு. சமாதான காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. கிளிநொச்சிப் பக்கம் எங்கள் மாமாவிடம் ஒரு பழைய மெசி நின்றது. நெல்மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு வாய்க்கால் கட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கும். உடனே மாமா "முன்னுக்கு ஏறுங்கோடா" என்று சத்தம் போடுவார். நாங்கள் மூன்று நான்கு பெடியள் போனற்றில் ஏறிக் குந்துவோம். ஒருநாள் கட்டின் உச்சியில் ஏறி, தூக்கியிருந்த முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் வழுகி முன் சில்லுக்கு அடியில் போனான். உயிர் தப்பினான். ஆனால் முறிந்த கால் பொருந்தியபோது கட்டையாகப் பொருந்திவிட்டது. 2009இல் அந்தக் காலோடுதான் அவன் முல்லைத்தீவுக் கரைவரைக்கும் நடந்தான். மாமா கெட்ட மனிதர் அல்ல. பாரத்துக்கு இரும்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, விசயத்துக்கு வருவோம். சில்லு ஏன் சுற்றுகிறது? எஞ்சினுக்குப் பலம் இல்லாமல் அல்ல. அந்தப் பலத்தை மண் பிடித்துக்கொள்ள ரயரின் மேல் போதிய பாரம் இல்லை. தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓடுகிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். போர்க்லிப்டின் பின்புறம் இருக்கும் பெரிய இரும்புக் கட்டிதான் முன்னால் தூக்கும் சாமானுக்கு எதிர்ப்பாரம். அது காணாது என்று பின்னால் ஆளை ஏற்றினால் சுப்பவைசர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ரக்டருக்கும் அதே கணக்குத்தான். ஆனால் தோட்டத்தில் சுப்பவைசர் இல்லை. நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாரம் எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இதை நன்றாக விளங்கிக்கொண்டவர் ஹரி பேர்கசன் என்ற அயர்லாந்துக்காரர். 1884இல் பிறந்தவர். முதலாம் உலக யுத்த காலத்து ரக்டர்கள் கலப்பையை வண்டில் மாதிரிப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால், சில்லு சுற்ற வழியில்லாமல் ரக்டரின் முன்பக்கம் மேலே எழும்பி, பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிவிடும். அப்படிப் பலர் செத்தார்கள். பேர்கசன் கலப்பையை மூன்று இடத்தில் ரக்டரோடு பொருத்தினார். கீழே இரண்டு தடி இழுக்கும். மேலே உள்ள ஒரு தடி முன்னோக்கித் தள்ளும். அதனால் முன்பக்கம் எழும்பாது. கலப்பையின் பாரமும் மண் அதைக் கீழே இழுக்கும் பாரமும் பின் சில்லில் வந்து அழுத்தும். வேலை கடினமாகக் கடினமாகப் பிடிமானமும் கூடும்.

இந்த முறையோடு 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்ட சாம்பல் நிறச் சின்ன ரக்டர் ஐந்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. அதன் எடை ஒரு தொன்னுக்குச் சற்றுத்தான் மேல். அதே ரக ரக்டர்களுக்குச் சங்கிலிப் பட்டி பூட்டித்தான் எட்மண்ட் ஹிலரியின் குழு 1958 ஜனவரி 4ஆம் திகதி தென்துருவத்தை அடைந்தது. அவுஸ்திரேலியப் பண்ணைகளில் இப்போதும் அதை "கிரே பேர்கி" என்று செல்லமாகச் சொல்வார்கள். ஊரில் நாங்கள் "மெசி" என்று கூப்பிட்ட மெசி பேர்கசனின் பெயரில் பாதி இவருடையது.

இனி உங்கள் ரக்டருக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். செலவில்லாத வேலையில் இருந்து தொடங்குவோம்.

முதலில் ரயரைப் பாருங்கள். பூ தேய்ந்து மொட்டையாகிவிட்டால் எவ்வளவு பாரம் போட்டும் பலனில்லை. காற்று அதிகமாக இருந்தால் ரயர் உருண்டையாக நின்று மண்ணை நடுவில் மட்டும்தான் தொடும். ரக்டரோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் காற்றை இறக்குங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். நாலு சில்லும் இழுக்கும் ரக்டர் என்றால் முன் சில்லைச் சேர்க்கும் லீவரைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு பக்கச் சில்லு மட்டும் சுற்றினால், வேகத்தை நன்றாகக் குறைத்து டிப் லொக் பெடலை மிதியுங்கள். இரண்டு பின் சில்லும் சேர்ந்து சுற்றும். அது பிடித்திருக்கும்போது வளைக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். பின் ரயருக்குள் தண்ணீர் நிரப்புவது பழைய முறை, மலிவான முறை. சில்லை ஜக்கில் தூக்கி, கீழே கட்டையும் கொடுத்து, வால்வு உச்சிக்கு வரும்படி திருப்புங்கள். வால்வின் உள்ளூசியைக் கழற்றி, தோட்டத்துக் குழாயைப் பூட்டும் சின்ன இணைப்பு ஒன்றை மாட்டித் தண்ணீர் விடுங்கள். ரக்டர் சாமான் விற்கும் கடைகளில் அந்த இணைப்பு கிடைக்கும். இடைக்கிடை காற்றை வெளியேற விடுங்கள். தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதுதான் முக்கால்வாசி. மிச்ச இடம் காற்றுக்கு. முழுக்க நிரப்பினால் ரயர் கல்லுப்போல இறுகிவிடும்.

தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. சின்ன ரக்டரில் பொதுவாக வரும் 11.2-24 அளவு ரயரில் முக்கால்வாசிக்கு 110 லீற்றர் அளவில் பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 220 கிலோ. அந்த ஒன்பது வயதுப் பிள்ளை 30 கிலோ இருப்பானா? கணக்கைப் பாருங்கள். அதோடு தண்ணீரின் பாரம் நிலத்துக்குக் கிட்ட, தாழ்வாக இருக்கிறது. ரக்டர் கவிழ்வதற்கு அது இடம் கொடுக்காது. உறைபனி கடுமையான பலராட் பக்கம் என்றால் வெறும் தண்ணீர் விடாமல் ரயர்க் கடையில் கேளுங்கள். கல்சியம் குளோரைட் கலந்தால் உறையாது, பாரமும் கூடும். ஆனால் ஒழுகினால் றிம் கறள் பிடித்து அழிந்துவிடும்.

மூன்றாவது இரும்பு. பின் சில்லின் றிம்மில் போல்ற் போட்டு இறுக்கும் வார்ப்பிரும்புத் தட்டுகள் விற்கிறார்கள். பழையது தேடினால் மலிவாகக் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே பாரம் இருக்க வேண்டும். ஒரு கிழமை ஓடியபின் போல்ற்றை மறுபடி இறுக்குங்கள்.

நாலாவது, பின்னால் கொழுவும் கட்டி. முன்னால் லோடர் பூட்டி மண், எரு அள்ளுகிறவர்களுக்கு இது கட்டாயம். லோடர் நிறைய மண் எடுத்தால் பாரம் முழுக்க முன் அச்சுக்குப் போய், பின் சில்லு நிலத்தில் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். பல சின்ன ரக்டர்களில் பிறேக் பின் சில்லுக்கு மட்டும்தான். இறக்கத்தில் பிறேக் மிதித்தால் நிற்காது. இதை மறக்காதீர்கள். 60 லீற்றர் பரல் ஒன்றில் கொங்கிறீற் ஊற்றினால் 144 கிலோ வரும். மூன்று இணைப்புத் தடியிலும் பூட்டக்கூடியதாக இரும்புக் கம்பியை உள்ளே வைத்து வார்க்க வேண்டும். 200 லீற்றர் பரலில் ஊற்றினால் 480 கிலோ. அது சின்ன ரக்டருக்கு மிஞ்சிய பாரம். மொத்தப் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சில்லில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ரேறிங்கைத் திருப்பினாலும் ரக்டர் திரும்பாது.

போட்ட பாரம் காணுமா, கூடவா என்று எப்படித் தெரியும்? பின் ரயரில் சோக்கட்டியால் ஒரு கோடு கீறுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஓடச் சொல்லி, சில்லு பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளவுங்கள். 30 மீற்றர் என்று வைப்போம். பிறகு கலப்பையை இறக்கி உழும்போது அதே பத்துச் சுற்றை அளவுங்கள். 21 மீற்றர்தான் வந்தால் நூற்றுக்கு 30 வீதம் வழுகுகிறது. பத்து லீற்றர் டீசலில் மூன்று லீற்றர் மண்ணைக் கிளறத்தான் போகிறது. 26 மீற்றர் வந்தால் 13 வீதம். அது நல்ல அளவு. 10க்கும் 15க்கும் இடையில் நின்றால் போதும். வழுக்கமே இல்லை என்றால் சந்தோசப்படாதீர்கள். பாரம் கூடிவிட்டது. மண் இறுகும், கியர்ப்பெட்டியும் பின் அச்சும் தேயும்.

கிரான்பேணில் அன்று நாங்கள் அளந்தபோது முதலில் 20 மீற்றர்கூட வரவில்லை. தண்ணீர் விட்டு, காற்றைச் சரிபார்த்த பிறகு 26 வந்தது. அண்ணை சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. மகனுக்கு மீற்றர் நாடாவின் மற்றத் தலைப்பைப் பிடிக்கும் வேலை கொடுத்தோம். அவனுக்கு அது மட்காட்டில் இருப்பதைவிடப் பிடித்திருந்தது.

பாரம் உதவாத இடமும் உண்டு. சேற்றில் பாரம் போட்டால் புதையத்தான் செய்யும். ஊரில் வயல் உழும்போது சில்லோடு கூடுமாதிரி இரும்புச் சில்லு பூட்டியது அதற்குத்தான். அது பாரத்தை அகலமாகப் பரப்பும். மெல்பேணில் வெரிபிப் பக்கமும், சிட்னியின் மேற்கிலும் களிமண் தறை உண்டு. மழைக்குப் பிறகு அந்த மண்ணில் ரக்டரை இறக்காமல் இரண்டு நாள் பொறுங்கள். அவசரப்பட்டு உழுதால் மண் வெயிலில் செங்கல்லாகிவிடும்.

கடைசியாக உயிர்க் காரியம். எதை இழுத்தாலும் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். அச்சுக்கு மேலே சங்கிலி போட்டால் முன்பக்கம் எழும்பும். கவிழ இரண்டு செக்கன்கூட எடுக்காது, குதிக்க நேரம் இருக்காது. ஓட்டுநரைக் காக்கும் வளைவுக் கம்பி இல்லாத பழைய ரக்டரை மலிவு என்று வாங்காதீர்கள். வாங்கினால் அதைப் பூட்டிய பிறகுதான் ஓடுங்கள். விக்டோரியாவில் அது சட்டமும்கூட. கம்பி நிமிர்ந்து நிற்கும்போது சீற் பெல்ற் கட்டாயம். கம்பியை மடித்திருந்தால் கட்டக் கூடாது.

சீற் ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆளும் ஒன்றுதான். மட்காட் சீற் அல்ல, போனற்றும் சீற் அல்ல. ஊரில் செய்த எல்லாவற்றையும் இங்கே கொண்டுவரத் தேவையில்லை. கத்தரி விதையைக் கொண்டாடுவோம், மாமாவின் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம்.

கிரான்பேண் தோட்டத்தில் வெண்டி முளைத்துவிட்டதாம். அடுத்த இதழில் சொட்டு நீர்க் குழாய் பூட்டுவது பற்றி எழுதுகிறேன். அதுவரை வணக்கம்.