மலைப்பாதையில் சைக்கிள்... எந்த கம்ப்யூட்டர் கைகொடுக்கும்?

மாலை 4 மணி. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதை என்று வைத்துக்கொள்வோம். மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் பாதை மூன்றாகப் பிரிகிறது. மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன. செல்போனில் சிக்னல் இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியோ, 'வேகம்: 0' என்று மட்டும் காட்டுகிறது.

மலைச் சைக்கிளுக்கு, அதாவது 'மவுண்டன் பைக்'குக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் வசதிகளின் எண்ணிக்கையையும்தான் பார்க்கிறார்கள். காட்டுப்பாதைக்கு முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: 'இது பத்திரமாகத் திரும்பி வர உதவுமா?'

கோடு போதுமா, வரைபடம் வேண்டுமா?

சைக்கிள் கம்ப்யூட்டர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, சக்கரம் சுற்றுவதை எண்ணி வேகத்தையும் தூரத்தையும் மட்டும் சொல்லும். இரண்டாவது வகையில் ஜி.பி.எஸ் இருக்கும், வீட்டிலேயே ஏற்றிவைத்த பாதையை வெற்றுத் திரையில் ஒரு கோடாகக் காட்டும். மூன்றாவது வகையில் முழு வரைபடமும் கருவிக்குள்ளேயே இருக்கும்.

ஜி.பி.எஸ் செயற்கைக்கோளில் இருந்து வருவது. அதற்கு செல்போன் சிக்னல் தேவையில்லை. தெரிந்த பாதையில் ஓட்டுபவர்களுக்குக் கோடு போதும். வழி தவறினால் உடனே தெரிந்துவிடும். புது மலை, புதுப் பாதை என்று கிளம்புபவர்களுக்கு வரைபடம் அவசியம். பாதை மழையில் அடைபட்டிருந்தால், மாற்று வழியை வரைபடம்தான் காட்டும்.

தூரம் ஏன் குறைகிறது?

'10 கிலோமீட்டர் ஓட்டினேன், ஜி.பி.எஸ் 9 சொச்சம்தான் காட்டுகிறது' என்பது பலரின் புகார். கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் நொடிக்கு ஒரு முறை இடத்தைக் குறிக்கும்படி அமைக்கலாம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் சைக்கிள் 5 மீட்டர் போய்விடும். நெருக்கமான வளைவுகளில் கருவி அந்தப் புள்ளிகளை நேர்க்கோட்டில் இணைப்பதால், வளைவின் தூரம் கணக்கில் விடுபடும். அடர்ந்த மரங்களும் மலைச்சரிவும் சிக்னலைத் தடுத்தால் பிழை இன்னும் கூடும்.

இதற்குத் தீர்வு, சக்கரத்தின் நடுவில் மாட்டும் சிறு சென்சார். 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.3 மீட்டர் ஓடும்; சென்சார் சுற்றுகளை எண்ணிவிடும். சக்கரக் கம்பியில் மாட்டும் பழைய காந்த வகை, புதரிலும் சேற்றிலும் இடம் நகர்ந்துவிடும். அதை மலைக்குத் தவிர்ப்பது நல்லது.

ஏற்றம்தான் கணக்கு

மலையில் 'இன்னும் 5 கிலோமீட்டர்' என்பதைவிட, 'இன்னும் 300 மீட்டர் ஏற்றம்' என்பதுதான் உடம்புக்குப் புரியும் கணக்கு. ஆகவே காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் வசதி உள்ளதா என்று பாருங்கள். அதன் சின்னத் துளையில் சேறு அடைத்தால் அளவு தப்பும். ஓட்டி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

பட்டனா, டச்சா?

கையுறை, மழைத்துளி, குலுங்கும் ஹேண்டில்பார்... இந்த மூன்றும் சேர்ந்தால் டச் ஸ்க்ரீன் தடுமாறும். மலைக்குப் பட்டனே தோழன். ஒரே வரிசையில் இரண்டும் கிடைக்கின்றன: கார்மின் எட்ஜ் 540-ல் பட்டன்கள் மட்டும், எட்ஜ் 840-ல் பட்டனும் டச்சும் உண்டு.

திரையில் எழுத்து பெரிதாக இருக்கட்டும். இறக்கத்தில் ஒரு நொடி கண் பாதையை விட்டு விலகினால்கூட ஆபத்து. ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு எண்கள் போதும்.

ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டி மாட்டினால், விழும்போது முதலில் அடிபடுவது கருவிதான். நடுவில் ஸ்டெம்மின் மேல் மாட்டி, ஒரு சிறு கயிற்றாலும் கட்டிவிடுவது பாதுகாப்பு. தண்ணீர் புகாத தன்மைக்கு 'ஐ.பி.எக்ஸ்7' குறியீடு இருக்கிறதா என்று பார்க்கலாம். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம்.

பேட்டரியும் ஒரு எச்சரிக்கையும்

பெட்டியில் எழுதியிருக்கும் பேட்டரி நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். வழிகாட்டலும் திரை வெளிச்சமும் அதைக் குறைக்கும். ஓட்டப்போகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நிற்கும் கருவியை வாங்குவது நல்லது.

விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதி பல கருவிகளில் உண்டு. ஆனால், அந்தத் தகவல் பொதுவாக செல்போன் வழியாகத்தான் போகும். சிக்னல் இல்லையென்றால் யாருக்கும் போகாது. இதை நம்பித் தனியாகக் கிளம்பக் கூடாது.

வரைபடத்தில் பாதை இருப்பதாலேயே அங்கே போகலாம் என்றும் அர்த்தமில்லை. காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதியும், எஸ்டேட் பாதைக்கு உரிமையாளர் அனுமதியும் வேண்டும். யானையும் காட்டெருமையும் நடமாடும் இடங்கள் அவை.

கிளம்பும் முன் எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். 'இத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் 112-க்கு போன் செய்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரும் இந்த வேலையைச் செய்யாது.