வெறும் வலி மாத்திரைதானே?

எங்க ஊர் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. குடவோலையில யார் பேரைப் போடலாம், யார் பேரைப் போடக்கூடாதுன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தெளிவா வெட்டி வெச்சிருக்காங்க. அதே ஊர்ல போன பொங்கலுக்கு அப்பாவோட சட்டைப் பையில நான் பாத்தது, கத்தரியால வெட்டின அட்டைத் துண்டுல ஆறு மாத்திரை. பேர் இல்ல, தேதி இல்ல.

அறுவடை நேரம். முட்டி வலின்னு பத்து நாளா தினம் ரெண்டு போட்டிருக்காரு. கால் வீங்கிடுச்சு, யூரின் குறைஞ்சிடுச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தா கிரியாட்டினின் 2.6. ஊர் பாஷையில "உப்பு ஏறிடுச்சு". டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா ஐயா?" அப்பா சொன்ன பதில்தான் இந்தப் பதிவோட தலைப்பு.

அப்பா பிபிக்கு எனலாப்ரில் சாப்பிடறாரு. கூடவே நீர் போற மாத்திரை. இது ரெண்டோட டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி ஏதாவது சேர்ந்தா கிட்னி திணறும். எங்க ஏரியை வெச்சே சொல்றேன். நீர் மாத்திரையால வரத்து ஏற்கனவே குறைவு. வலி மாத்திரை வரத்துக் கால்வாயைச் சுருக்குது. எனலாப்ரில் வெளிய போற மதகை அகலமா திறக்குது. அப்புறம் ஏரியில தண்ணி எப்படி நிக்கும்? கிட்னிக்குள்ள அழுத்தம் விழுந்து, வடிகட்டற வேலை நின்னுடுது. தனித்தனியா மூணும் நல்ல மருந்துதான்.

இது ஒண்ணு மட்டும் இல்ல. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடறவங்க இந்த வலி மாத்திரையைச் சேர்த்தா வயித்துல ரத்தக்கசிவு வரலாம். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினோட வேலையையே கெடுக்கலாம். ட்ரமடாலோட சில மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தா வலிப்பு வரைக்கும் போகலாம்.

இப்ப என் கோபத்துக்கு வர்றேன். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. நல்ல திட்டம். ஆனா வலி மாத்திரை கடைத்தெருவுல இருந்து தனியா வருது. ரெண்டு கவரையும் ஒண்ணா வெச்சுப் பாக்கறவங்க யாருமே இல்ல! டைக்ளோஃபினாக் ஷெட்யூல் எச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாம சில்லறையில விக்கக்கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கும். அந்த எழுத்து இருக்கற பக்கம்தான் கத்தரியில போயிடுதே! நிமெசுலைடை 2011ல 12 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்குத் தடை பண்ணாங்க. ஒவ்வொரு மருந்தா தடை பண்ணிட்டே போகலாம், கவுண்டர்ல ஒரு கேள்வி கேக்கலைன்னா பிரயோஜனம் இல்ல.

"ஒரு நாள் கூலியை விட்டுட்டு டாக்டர்கிட்ட போக முடியுமா? ஏசி ரூம்ல உக்காந்து பேசாத"ன்னு சொல்வீங்க. நியாயம்தான். வலியோட கிடன்னு நான் சொல்லல. கடைக்காரர் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"ன்னு கேக்க எத்தனை செகண்ட் ஆகும்? நாங்க ப்ரோக்ராம்ல ஒரு லைப்ரரியைச் சேத்தாலே வேற எதோடயாவது மோதுதான்னு செக் பண்றோம். மோதினா சாயங்காலம் சரி பண்ணிடலாம். கிட்னியை?

திட்டறதுல எனக்கும் பங்கு உண்டு. ஞாயித்துக்கிழமை போன்ல "மாத்திரை போட்டியாப்பா?"ன்னு கேட்டேனே தவிர, "என்னென்ன மாத்திரை?"ன்னு ஒரு நாளும் கேக்கல.

அதனால இந்த வாரமே செய்யுங்க. வீட்டுப் பெரியவங்க சாப்பிடற எல்லா மாத்திரை பேரையும் ஒரு தாள்ல எழுதி அவங்க பர்ஸ்ல வைங்க. எந்தக் கடையில வாங்கினாலும் அதைக் காட்டச் சொல்லுங்க. பேர் தெரியற மாதிரி அட்டையை வெட்டச் சொல்லுங்க. பிபி மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. சாதா வலிக்கு பெரும்பாலானவங்களுக்கு பாராசிட்டமால் இதைவிடப் பாதுகாப்பு. ஆனா அதுக்கும் ஒரு நாள் உச்ச வரம்பு 4 கிராம், வயசானவங்களுக்கும் குடிக்கறவங்களுக்கும் இன்னும் கம்மி. பல கூட்டு மாத்திரையில அது ஏற்கனவே ஒளிஞ்சிருக்கும், பாத்துக்கோங்க.

அப்பாவுக்கு இப்ப 1.4. தப்பிச்சோம். முட்டிக்கு, அதே திட்டத்துல வீட்டுக்கு வர்ற பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் குடுத்த பயிற்சி. சலிச்சுக்கிட்டேதான் செய்யறாரு :-)