உறைந்த ஏரியின் மேல் ஓர் ஓட்டம்

பூகோள வகுப்பில் குளிர்ப் பிரதேசங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசிப் பெஞ்சியிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஸார், பனிக்கட்டியின் மேல் கால் வைத்தாலே வழுக்குமே, அதன் மேல் பந்தயம் ஓடுவது எவ்வாறு?" என்று வினவினான். வழுக்குவதுதான் அங்கே ஓட்டம் என்று பதில் சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆயினும் விஷயம் உண்மையானதே.

ஸ்கேட்டிங் பாதரட்சையின் அடியில் கத்தி போன்ற நீண்ட எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அத்தகடு தன் நீளவாட்டில் தடையின்றி வழுக்கிச் செல்லும். குறுக்குவாட்டிலோ பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளும். ஆகையால் நாம் தரையில் ஓடுவதுபோல் காலைப் பின்னுக்கு உதைப்பதில் பயனில்லை. பக்கவாட்டில் உதைக்க வேண்டும். உடல் முன்னே செல்லும். காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக முதுகை வளைத்து, நேர்ப்பாதையில் கைகளையும் முதுகின் மேல் கட்டிக்கொண்டு செல்கிறார்கள். பார்ப்பதற்கு ஏதோ ஆழ்ந்த யோசனையில் உலாவுகிறவர்களைப் போலிருக்கும். ஆனால் அவர்கள் செல்லும் வேகத்தில் ரஸ்தாவில் மோட்டார் வண்டிகள் செல்லும்!

இந்தப் பந்தயங்கள் 2020-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், இளைஞர்களுக்கான குளிர்கால ஒலிம்பிக் விழாவின்போது, ஸ்விட்ஸர்லாந்தில் ஸெயிண்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் நடைபெற்றன. விழாவுக்குரிய நகரம் லொஸான். ஆயினும் ஸ்கேட்டிங் வேகப் பந்தயத்தை மட்டும் அத்தேசத்தின் மற்றொரு கோடியிலுள்ள மலையூருக்குக் கொண்டு சென்றார்கள். புதிதாகப் பெருங் கட்டடம் எழுப்பாமல், இயற்கை அளிப்பதை உபயோகித்துக்கொள்வோம் என்பது அதிகாரிகளின் எண்ணம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,800 அடி உயரத்திலுள்ள ஸெயிண்ட் மோரிட்ஸ் ஏரி குளிர்காலத்தில் கெட்டியாக உறைந்துவிடும். அதன் மேலேயே 400 மீட்டர் சுற்றளவுள்ள பாதை அமைக்கப்பட்டது. மேலே வானம், கீழே ஏரி, சுற்றிலும் மலைகள்.

இதில் என்ன விசேஷம் என்று அன்பர்கள் கேட்கலாம். 1988-ல் கால்கரி நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில்தான் முதன் முதலாக இப்பந்தயம் கூரையின் கீழ் நடந்தது. 1992-ல் ஆல்பர்வில்லில் ஒரு முறை மீண்டும் வெட்டவெளிக்கு வந்தது. அதன் பிறகு எல்லா ஒலிம்பிக் விழாக்களிலும் கூரைதான், யந்திரம் உறைய வைத்த பனிக்கட்டிதான். அங்கே காற்றில்லை, வெயிலில்லை, பனிமழையில்லை. கடிகாரத்துக்கும் மனிதனுக்கும் மட்டுமே வழக்கு. ஸெயிண்ட் மோரிட்ஸிலோ 15 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள், தங்கள் பாட்டனார் காலத்து முறையில், காற்றோடும் போராடிக்கொண்டு ஓடினார்கள்.

இயற்கையை நம்பினால் என்ன நேரும் என்பதை இதே ஊர் முன்பே ஒரு முறை கண்டிருக்கிறது. 1928-ல் இங்கே குளிர்கால ஒலிம்பிக் விழா நடந்தது. 10,000 மீட்டர் பந்தயத்தில் அமெரிக்க வாலிபர் இர்விங் ஜாபியும் நார்வே தேசத்து பெர்ன்ட் எவன்ஸனும் ஜோடியாக ஓடினார்கள். ஜாபி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு முந்தினார். அதற்குள் உஷ்ணம் ஏறிப் பனிக்கட்டி இளகத் தொடங்கிற்று. பின்னால் ஓட வேண்டியவர்கள் தண்ணீரில் ஓட வேண்டியதாயிற்று. பந்தயமே ரத்து செய்யப்பட்டது. முறையீடுகள் எழுந்தன; முடிவில் அந்தப் பந்தயத்துக்கு எவருக்கும் பதக்கம் இல்லை என்றே ஆயிற்று. ஓடியவனுடைய கால்களிலிருந்த களைப்பு மட்டும் ரத்தாகவில்லை! ஜாபி மனம் தளரவில்லை என்பது நமக்கு ஆறுதல். நான்கு வருஷங்களுக்குப் பின் லேக் பிளாஸிட் என்ற ஊரில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டு பந்தயங்களிலும் தங்கப் பதக்கம் பெற்றார்.

மீண்டும் நமது பிள்ளைகளிடம் வருவோம். இந்த விழாவில் ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் கலந்துகொண்டார்கள். இதைப் படிக்கும் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. 500 மீட்டரும் 1,500 மீட்டரும் இருவர் இருவராக ஓடும் பந்தயங்கள். உட்பாதை குறைவு, வெளிப்பாதை அதிகம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் பாதை மாறிக்கொள்ள வேண்டும். மாறும் இடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் வந்துவிட்டால், வெளியிலிருந்து உள்ளே வருபவனுக்கே மற்றவன் வழிவிட வேண்டும் என்பது விதி.

எனக்கு மிகவும் பிடித்தது எல்லோரும் ஏக காலத்தில் புறப்படும் பந்தயம். அதில் பாதையுமில்லை, ஜோடியுமில்லை. முன்னால் செல்பவன் காற்றைக் கிழிக்க, பின்னால் செல்பவன் அவன் நிழலில் பலத்தைச் சேமித்துக்கொள்கிறான். யார் எப்பொழுது துணிந்து முந்துவது என்பதே கேள்வி. ஸெயிண்ட் மோரிட்ஸில் இப்பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர்களில் ஒருவன் டியாகோ அமாயா. அவனுடைய தேசம் கொலம்பியா! பூமத்திய ரேகை ஊடே செல்லும் நாடு. நாலு மாதக் குளிர்காலம் என்பதே அங்கே கிடையாது. இளைஞர்களின் குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தேசம் பெற்ற முதற் பதக்கம் அதுவே.

இது அதிர்ஷ்டம் அன்று. சக்கரம் பொருத்திய பாதரட்சைகளில் ஓடும் பந்தயத்தில் கொலம்பியர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். பக்கவாட்டு உதைப்பு இரண்டிற்கும் பொது. கூட்டத்துக்குள் புகுந்து இடம் பிடிக்கும் சாமர்த்தியமும் பொது. வேறுபடுவது மெல்லிய தகட்டின் மேல் நிலை தவறாதிருப்பது ஒன்றே. பெட்ரோ காஸில் என்ற கொலம்பிய வீரர் 2018-லேயே சக்கரத்தை விட்டுப் பனிக்கட்டிக்கு வந்து ஒலிம்பிக்கில் ஓடியிருந்தார். உறைந்த ஏரியைக் காணாத தேசத்தவர்க்கு இவ்விளையாட்டு ஏன் என்று கேட்பவர்களுக்கு, அந்த வெள்ளிப் பதக்கத்தைத்தான் காட்ட வேண்டும்.

வேறொரு பந்தயமும் உண்டு. வெவ்வேறு தேசத்துப் பிள்ளைகளை ஒரே அணியில் சேர்த்துவிடுகிறார்கள். முன்தினம் எதிரியாக ஓடியவளின் முதுகைப் பார்த்துக்கொண்டு இன்று துணையாக ஓட வேண்டும். பாஷை தெரியாது, சைகைதான். வென்றால் அந்தப் பதக்கம் எந்தத் தேசத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை. எனது மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் எந்தக் கொடியை ஏற்றுவார்கள், ஸார்?" என்றான் முன் பெஞ்சிக்காரன். ஒலிம்பிக் கொடியை என்றேன். அவனுக்கு அது திருப்தியாக இல்லை.

விழா முடிந்ததும் பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். வசந்தம் பிறந்ததும் ஏரி உருகியது. அவர்கள் ஓடிய 400 மீட்டரும் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது.